தட்டினா மின்னுற பேப்பர்: செடிகொடிய வச்சி உராய்வு கரண்ட் எடுக்குறது எப்படி

எங்கம்மா ஸ்டோர்ல சலிக்கிற ரூம்ல வேலை செஞ்சவங்க. ஸ்டோர்னா கடை இல்லீங்க, தோட்டத்துல தேயிலை பெக்டரிய நாங்க அப்பிடித்தான் சொல்லுவோம். டிரையர்ல இருந்து வர்ற தூள்ல செவப்பு செவப்பா நாரும் காம்பும் கலந்து கெடக்கும், அத பிரிக்கிறதுக்கு ஒரு மெஷின், பீ.வி.சி உருளை வரிசையா சுத்திக்கிட்டே இருக்கும், மேல ஃபெல்ட் துணி உரசும், கீழ தூள் ஓடும்போது நாரெல்லாம் பொசுக்குனு எழும்பி உருளைல ஒட்டிக்கும். அம்மா பல வருசமா அத காந்தம்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்திச்சி. நானும்தான். பொறவு ஏ.எல் (உயர்தரம்) படிக்கும்போதுதான் வெளங்கிச்சி, அது காந்தம் இல்ல, உராய்வுல வர்ற நிலைமின். நார் லேசு, இலைத்தூள விட கொஞ்சம் ஈரமும் கூட, அதனால அதுதான் மொதல்ல இழுபடுது.

இப்ப விசயத்துக்கு வாரேன். அதே உராய்வு மின்ன ஒட்ட வைக்கிறதுக்கு மட்டும் இல்லாம வயர்ல ஓட வைக்கவும் முடியும். அதுக்கு பேரு ட்ரைபோஎலக்ட்ரிக் நனோஜெனரேட்டர், சுருக்கமா டெங். (கொசு டெங்கு இல்ல, பிள்ளைங்க மொத நாளே அந்த ஜோக்க அடிச்சிட்டாங்க.) 2012ல அமெரிக்காவுல ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகத்துல சொங் லின் வாங்குன்னு ஒரு பேராசிரியரோட குழுதான் இத மொதல்ல வெளியிட்டாங்க. நம்ம இலங்கை ஆளுங்களும் இதுல பெரிய வேலை பாத்திருக்காங்க. மொரட்டுவை பல்கலைக்கழகத்துல படிச்ச இஷார தர்மசேன, இங்கிலாந்து சரே பல்கலைக்கழகத்துல ரவி சில்வாகூட சேந்து, இந்த சாமான் எப்பிடி வேலை செய்யுதுங்கிறதுக்கு ஒரு கணக்கு மாடல் 2017ல போட்டாரு. அதனால இது நமக்கு தூரத்து சங்கதின்னு நெனைக்காதீங்க.

வழக்கமா இதுக்கு டெப்ளோன், சிலிக்கோன் மாதிரி பிளாஸ்டிக்தான் போடுவாங்க. நான் இங்க சொல்லப்போறது முடிஞ்சளவு செடிகொடில இருந்து வர்ற சாமான வச்சி செய்யிறது. பேப்பர், பருத்தி, ரப்பர் பால், பைனஸ் பிசின், தேயிலை சக்கை, இலை. டியூஷன் கிளாஸ்ல பிள்ளைங்களோட சேந்து செஞ்சி பாத்தத வச்சி எழுதுறேன், அதனால நான் கெடுத்த எடமெல்லாம் இதுல இருக்கும்.

ஆசைய மொதல்ல அடக்கிருவோம்

எல்லாரும் கேக்குற மொத கேள்வி, "சேர், இதுல போன் சார்ஜ் பண்ணலாமா?" ஏலாது. ஏன்னு கணக்கா சொல்றேன், ஏன்னா இந்த கணக்கு மண்டைல ஏறிட்டா மத்தது எல்லாம் லேசு. உள்ளங்கை அளவு, 10க்கு 10 செண்டிமீட்டர் துண்டு ஒன்னு, நல்லா காஞ்சிருக்கு, ஒருக்கா அமுக்கும்போது 0.1 மைக்ரோ கூலோம் மின்னேத்தம் ஓடுது, விடும்போது திரும்ப அதே அளவு, ஆக ஒரு தட்டுக்கு 0.2ன்னு வைங்க. 5000 மில்லிஅம்பியர் அவர் போன் பெட்டரிக்கு 18,000 கூலோம் வேணும். 9,000 கோடி தடவ தட்டணும். செக்கனுக்கு ரெண்டு தட்டுன்னா 1,400 வருசத்துக்கு மேல. சர்க்கிட்ட திருத்தி கொஞ்சம் கொறைக்கலாம், ஆனாலும் உங்க பேரன் காலத்துலயும் முடியாது. தலவாக்கலைல இருக்கிற மேல் கொத்மலை நீர்மின் நிலையமும் இதே 2012லதான் ஓட ஆரம்பிச்சிச்சி, அது 150 மெகாவாட். நம்ம சாமான் மைக்ரோவாட். அதுவும் இதுவும் ஒரே வருசத்துப் பிள்ளைங்க, அவ்வளவுதான் சொந்தம்.

ஆனா ஒன்னு, கரண்ட் கொஞ்சமா இருந்தாலும் வோல்டேஜ் பத்து கணக்குலயும் நூறு கணக்குலயும் ஏறும். அதனால எல்.ஈ.டி மின்ன வைக்கிறது, யாராவது மிதிச்சா சிக்னல் குடுக்கிறது, காத்து அடிக்குதான்னு பாக்கிறது, இந்த மாதிரி சின்ன வேலைக்கு பெட்டரி இல்லாம இது போதும்.

உள்ளுக்குள்ள என்ன நடக்குது

ரெண்டு வேற வேற சாமான் ஒன்னோட ஒன்னு முட்டும்போது ஒன்னுல இருந்து எலக்ட்ரோன் மத்ததுக்கு தாவிடும். குடுத்தது பிளஸ், வாங்கினது மைனஸ். ஒட்டி இருக்கும்போது ரெண்டும் ஒன்ன ஒன்னு சமாளிச்சிக்கும், வெளிய ஒன்னும் தெரியாது. பிரிச்சீங்கன்னா சமநிலை கெட்டுப்போகும், ரெண்டுக்கும் பின்னால ஒட்டியிருக்கிற அலுமினியத் தாள்ல இருக்கிற எலக்ட்ரோன்கள் அத சரிபண்ண வயர் வழியா ஓடும். திரும்ப அமுக்கினா திரும்பி ஓடும். அவ்வளவுதான். கவனிங்க, தேய்க்கணும்னு அவசியமே இல்ல, தொட்டுப் பிரிஞ்சா போதும், தேய்ச்சா இன்னும் நல்லா தொடுது அவ்வளவுதான்.

எது குடுக்கும் எது வாங்கும்னு ஒரு வரிசை இருக்கு, 1757லயே வில்க்கன்னு ஒரு சுவீடன் காரர் போட்டு வச்சிட்டாரு. செடிகொடி சாமான்ல கூடுதலா இருக்கிறது செலுலோஸ். பருத்தி கிட்டத்தட்ட முழுக்க அதுதான், மரத்துல பாதிக்கு கொஞ்சம் கொறைய அதுதான், பேப்பரும் அதுதான். செலுலோஸ்ல ஒக்சிஜன் உள்ள தொகுதிகள் நெறைய தொங்கிக்கிட்டு இருக்கு, அதனால எலக்ட்ரோன குடுக்கிற பக்கம்தான் சாயும். ஆக பிளஸ் பக்கத்துக்கு செடி சாமான் தேடி அலைய வேண்டியதில்ல, எட்டுன எடமெல்லாம் இருக்கு. பிரச்சினையே மைனஸ் பக்கம்தான். எலக்ட்ரோன நல்லா வாங்குற செடி சாமான் கொறைவு.

எனக்கு கைல அகப்பட்டது மூனு. ஒன்னு, சாதாரண பலூன், இது ரப்பர் பால்ல செய்யிறது, முடில தேய்ச்சா மைனஸ் ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். ரெண்டு, பைனஸ் பிசின், எலக்ட்ரோனிக்ஸ் கடைல ஈயம் வைக்கிறதுக்கு கட்டியா விக்கிற ரோசின் அதுதான். மூனாவது பீ.எல்.ஏ, சோள மாவுல இருந்து செய்யிற பிளாஸ்டிக், த்ரீடி பிரிண்டர் வச்சிருக்கிறவங்ககிட்ட கேட்டா ஒரு மெல்லிசு தகடு அடிச்சி குடுப்பாங்க. செலுலோஸையே நைட்ரிக் அமிலத்துல மாத்தி மைனஸ் பக்கத்துக்கு கொண்டு வரலாம்னு அமெரிக்காவுல விஸ்கோன்சின் பல்கலைக்கழகத்துல காட்டியிருக்காங்க, ஆனா வீட்ல அத கனவுலயும் நெனைக்காதீங்க, அது துப்பாக்கிப் பஞ்சு ஜாதி, தீப்பொறி பட்டா பத்தி எரிஞ்சிரும்.

யோசிச்சிப் பாத்தா உராய்வு மின்னே செடில இருந்துதான் தொடங்கினது. 2,500 வருசத்துக்கு முந்தி கிரேக்கத்துல தேலிஸ் அம்பர தேய்ச்சி பாத்தாருன்னு படிச்சிருப்பீங்க, அம்பர்னா கல்லா எறுகிப்போன மரப்பிசின். அதோட கிரேக்கப் பேரு எலக்ட்ரோன். நம்ம கரண்ட் பில்லுல இருக்கிற எலக்ட்ரிசிட்டிங்கிற வார்த்தைக்கே அந்த பிசின்தான் தாய்.

செய்வோம்

தேவையானது: கெட்டி கார்ட்போட் ரெண்டு துண்டு, 10க்கு 10 செண்டிமீட்டர். சமையலுக்கு சுத்துற அலுமினியத் தாள். பாடப்புத்தகத்துக்கு உறை போடுற பிரவுன் பேப்பர், பளபளன்னு பிளாஸ்டிக் பூசினது வேணாம். பெரிய பலூன் ஒன்னு. பாத்திரம் கழுவுற ஸ்பொஞ்சு, புதுசு. டபள் டேப். மெல்லிசு வயர். செவப்பு எல்.ஈ.டி ஒன்னு, பச்சை ஒன்னு.

மொத துண்டு. கார்ட்போட்டு மேல அலுமினியத் தாள சுருக்கம் இல்லாம ஒட்டுங்க, ஓரத்துல ஒரு நாக்கு மாதிரி வெளிய நீட்டி விடுங்க, வயர் அதுல முறுக்கணும். தாளுக்கு மேல பிரவுன் பேப்பர ஒட்டுங்க. பசை மெல்லிசா, பேப்பர் ஊறிப்போற மாதிரி தண்ணிப் பசை வேணாம், டபள் டேப்பே நல்லது. பேப்பர் தாள விட ஒவ்வொரு பக்கமும் அஞ்சு மில்லிமீட்டர் பெருசா இருக்கட்டும், இல்லாட்டி ஓரத்துல தாளும் தாளும் முட்டி எல்லாம் வீணாப்போகும்.

ரெண்டாவது துண்டு. இதே மாதிரி அலுமினியத் தாள், அதுக்கு மேல பலூன். பலூன் உள்ளுக்குள்ள ஒரு மாவு பூசியிருப்பாங்க, வெளியவும் கொஞ்சம் இருக்கும், அத சவுக்காரம் போட்டு கழுவி நெழல்ல காயப்போடுங்க, மாவோட ஒட்டினா பாதி சக்தி அங்கயே போயிரும். கழுத்த வெட்டிட்டு பலூன விரிச்சி கார்ட்போட்டு மேல இழுத்து பின்பக்கம் டேப் அடிங்க, மத்தளத்துக்கு தோல் இழுக்கிற மாதிரி, ஆனா அந்தளவு முறுக்கா வேணாம். தாளுக்கும் ரப்பருக்கும் நடுவுல காத்துக் குமிழி இருக்கக்கூடாது.

இப்ப ரெண்டையும் பேப்பரும் பலூனும் ஒன்ன ஒன்னு பாக்கிற மாதிரி வச்சி, நாலு மூலைலயும் அரை செண்டிமீட்டர் உயர ஸ்பொஞ்சு துண்டு வைங்க. அமுக்கினா முட்டணும், விட்டா தானா எழும்பணும். ஸ்பொஞ்சு பெருசா இருந்தா அமுக்க அமுக்க முட்டவே முட்டாது, சின்னதா இருந்தா விட்டாலும் ஒட்டிக்கிட்டே இருக்கும், இத சரிபண்ணத்தான் எனக்கு ஒரு பின்னேரம் போச்சி.

எல்.ஈ.டி ரெண்டையும் தலை கால் மாத்தி பக்கத்துல பக்கத்துல சேருங்க, ஒன்னோட நீட்டு கால் மத்ததோட கட்டைக் கால்ல. ரெண்டு வயரையும் அதுல குடுங்க. லைட்ட அணைச்சிட்டு, கண்ணு இருட்டுக்கு பழகுற வரைக்கும் இருந்துட்டு, உள்ளங்கையால டப்புனு தட்டுங்க. அமுக்கும்போது ஒரு நெறம், விடும்போது மத்த நெறம். கரண்ட் போயிட்டு திரும்பி வாரத பிள்ளைங்களுக்கு இத விட லேசா காட்ட முடியாது. மெதுவா அமுக்கினா மின்னாது, வேகம்தான் முக்கியம், ஏன்னா அதே மின்னேத்தம் கொறஞ்ச நேரத்துல ஓடினாத்தான் கண்ணுக்கு தெரியிற அளவு கரண்ட் வரும்.

நெறைய எல்.ஈ.டி எரிய வைக்க ஆசையா? எல்லாத்தையும் தொடரா கோருங்க, மாலை மாதிரி. சமாந்தரமா போட்டா இருக்கிற கொஞ்ச கரண்ட்டையும் பங்கு பிரிச்சிக்கும், ஒன்னும் தெரியாது. தொடர்ல அதே கரண்ட் எல்லாத்துக்குள்ளயும் ஓடும், வோல்டேஜ்தான் பிரியும், அது நம்மகிட்ட தாராளமா இருக்கு.

அலுமினியத் தாளும் வேணாம், முழுக்க செடியாவே இருக்கணும்னு பிடிவாதமா இருந்தா கரி இருக்கு. சிரட்டைக் கரிய நல்லா கனிய எரிச்சி அணைச்சி, மாவா இடிச்சி, துணில சலிச்சி, சோத்துக் கஞ்சில கொழைச்சி கார்ட்போட்ல ரெண்டு மூனு பூச்சு பூசுங்க. காஞ்சதும் மீட்டர்ல தடை பாருங்க, சில ஆயிரம் ஓம்ல இருந்து ஒரு லெட்சம் ஓம் வந்தாலும் பயப்படாதீங்க. இந்த சாமானோட உள்தடையே பத்து மெகா ஓம் கணக்குல இருக்கும்போது அது தூசு. ஆனா அரைகுறையா எரிஞ்ச கரி சுத்தமா கடத்தாது, அடுப்புல கெடக்கிற கரிய அப்பிடியே எடுத்து பூசிட்டு வேலை செய்யலைன்னு என்ன திட்டாதீங்க.

ஈரம், ஈரம், ஈரம்

இனி சொல்றதுதான் மத்த ஊர்க்காரங்க எழுதினதுல இருக்காது, மலைநாட்டுல இருக்கிறவங்களுக்கு இதுதான் எல்லாமே. ஒரு பாடசாலை கண்காட்சிக்கு பிள்ளைங்களோட இத கொண்டு போனேன், ஜூன் மாசம், ஹட்டன் பக்கம். மொத நாள் ராத்திரி வீட்ல பத்து எல்.ஈ.டி மின்னிச்சி. மறுநாள் மண்டபத்துக்குள்ள ஜன்னல் வழியா மொக்கு மொக்கா பனி உள்ள வருது, நூறு பிள்ளைங்க மூச்சு விடுதுங்க, தட்டுறேன் தட்டுறேன் ஒரு பொட்டும் இல்ல. முன்னால நின்ன பொடியன் கேட்டான், "சேர், இதுக்கும் கரண்ட் கட்டா?" வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னா, அம்மா பெருசா ஒன்னும் கண்டுக்கல. "மழை நாள்ல ஸ்டோர்லயும் நாரு எழும்பாதுல்ல"ன்னு சொல்லிட்டு தேத்தண்ணி ஊத்த போயிருச்சி. மொதல்லயே கேட்டிருக்கலாம்.

என்ன நடக்குதுன்னா, காத்துல ஈரப்பதம் கூடினா சாமானோட மேல தண்ணி ஒரு மெல்லிசு படையா படியும், மின்னேத்தம் அது வழியா கசிஞ்சி போயிரும். பிளாஸ்டிக்க விட நம்ம செலுலோஸ் இதுல மோசம், ஏன்னா எலக்ட்ரோன் குடுக்க ஒத்தாசை பண்ற அதே ஒக்சிஜன் தொகுதிகள்தான் தண்ணியையும் இழுத்து வச்சிக்குது. நல்ல குணமும் கெட்ட குணமும் ஒரே எடத்துல இருந்து வருது, என்ன செய்யிறது.

அதனால வேலைய தொடங்க முந்தி ஒரு சோதனை. பலூன ஊதி காஞ்ச தலைமுடில பத்து தடவ தேய்ச்சி செவுத்துல வைங்க. ஒரு நிமிசத்துக்கு மேல ஒட்டி நின்னா இன்னைக்கு நாள் நல்லா இருக்கு. வச்ச ஒடனே விழுந்தா எல்லாத்தையும் கட்டி வச்சிட்டு வேற வேலைய பாருங்க. மாசத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை பக்கம் ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும், பதுளை, பண்டாரவளை, வெலிமடை பக்கம் ஜூலைல இருந்து செப்டெம்பர் வரைக்கும் காத்து காயுற நேரம். ஆமா, தேயிலைக்கு குவாலிட்டி சீசன் எதுவோ அதேதான். நல்ல தேயிலை வர்ற காத்துலதான் நல்ல பொறியும் வருது.

அதுக்காக மத்த மாசத்துல கைய கட்டிக்கிட்டு இருக்கணும்னு இல்ல. பேப்பர ஒட்ட முந்தி அயன் பண்ணுங்க, நீராவி இல்லாம, ரெண்டு பக்கமும். அயன் இல்லாட்டி ரொட்டி சுடுற தகரத்த சூடாக்கி எறக்கி வச்சி அதுல போடுங்க, அடுப்புல இருக்கும்போது வேணாம், பத்திக்கும். ஒட்டின பொறவு பிஸ்கட் டின்ல போட்டு, சப்பாத்துப் பெட்டி, மருந்து போத்தல்ல வர்ற சிலிக்கா ஜெல் பக்கெட் நாலஞ்சி சேத்து வைங்க, அது இல்லாட்டி நல்லா வறுத்த அரிசி ஒரு சின்ன துணில கட்டி, ஆனா அரிசி ஒரு நாள் ரெண்டு நாள்தான் தாங்கும், திரும்ப வறுக்கணும்.

நெலையான வழி என்னன்னா முழுசா சீல் பண்றது. கடலை பக்கெட்ட மெழுகுதிரியும் ஹெக்சோ பிளேடும் வச்சி ஒட்டுவாங்களே, அதே கைவேலை. காஞ்ச நாள்ல, காஞ்ச சாமான, ஒரு சிலிக்கா ஜெல் பக்கெட்டோட கெட்டிப் பொலித்தீன் உறைல போட்டு, வயர் வெளிய வர்ற எடத்துல குளூ கன் பசைய நெறைய வச்சி ஒட்டிருங்க. காத்த முழுக்க அமுக்கி எடுத்திராதீங்க, உள்ள கொஞ்சம் காத்து இருந்தாத்தான் ரெண்டு துண்டும் பிரிஞ்சி எழும்பும். இப்பிடி சீல் பண்ணின ஒன்ன எங்க லயத்து இஸ்தோப்புல (முன் திண்ணைல) மழைக்காலம் பூரா வச்சிருந்தேன், வெளிச்சம் கொறஞ்சிச்சே ஒழிய நிக்கல. செடி சாமான் வச்சி செஞ்சிட்டு பொலித்தீன்ல சுத்துறது கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு, தெரியும்.

சேத்து வைக்கிறது

மின்னி மறையிறத சேமிக்கணும்னா நாலு டயோட்ட சேத்து ஒரு பிரிட்ஜ் வேணும், ரெண்டு பக்கமும் ஓடுற கரண்ட்ட அது ஒரே பக்கமா திருப்பி விடும், அத புடிச்சி வைக்க ஒரு கெப்பசிட்டரும் வேணும். டயோட்டுக்கு 1என்4007 போதும், பழைய சுருள் பல்புக்கு அடில இருக்கிற போட்ல நாலும் இருக்கும். பல்பு கண்ணாடிய ஒடைச்சிராதீங்க, உள்ள பாதரசம் இருக்கு, அதுல இருக்கிற பெரிய கெப்பசிட்டர்ல கை வைக்க முந்தி கழட்டி ஒரு நாள் விடுங்க.

கெப்பசிட்டர் விசயத்துல எல்லாரும் சறுக்குற எடம் ஒன்னு. றேடியோல இருக்கிற உருளை மாதிரி எலக்ட்ரோலிட்டிக் கெப்பசிட்டர போடுவாங்க, போட்டுட்டு அரை மணித்தியாலம் தட்டுவாங்க, மீட்டர்ல ஒன்னும் ஏறாது. அது தானாவே மைக்ரோ அம்பியர் கணக்குல கசியும். செக்கனுக்கு ரெண்டு தட்டுன்னா நம்ம வரவு 0.4 மைக்ரோ அம்பியர்தான். ஓட்டை வாளில தண்ணி புடிக்கிற கதை. அதனால பொலியெஸ்டர் பிலிம் கெப்பசிட்டர், 1 மைக்ரோ பாரட். ஒரு தட்டுக்கு 0.2 வோல்ட் வீதம், பதினஞ்சு தட்டுல 3 வோல்ட் வந்திரணும். அதுக்கு கூட எடுத்தா ஈரம், இல்ல பேப்பர் முட்டுறது பத்தல.

மீட்டரும் ஒரு கள்ளன். மஞ்சள் நெற மலிவு மீட்டர்களோட உள்தடை 1 மெகா ஓம், வச்ச கையோட ஒரு செக்கன்லயே பெரும்பங்கு வடிஞ்சிரும். நல்ல மீட்டர்ல 10 மெகா ஓம், கொஞ்சம் மெதுவா வடியும். தட்டி முடிஞ்சதும் ஒருக்கா தொட்டு மொத நம்பர மட்டும் பாத்துட்டு எடுங்க, வச்சிக்கிட்டே தட்டாதீங்க.

இத வச்சி என்ன செய்யலாம்னா, எனக்கு உருப்படியா பட்டது மிதிச்சா தெரியிற சாமான்தான். படிக்கட்டுல விரிப்புக்கு அடில வச்சி ஆடுயினோங்கிற சின்ன கம்பியூட்டர் போட்டோட அனலொக் பின்னுக்கு குடுங்க, இடைல 100 கிலோ ஓம் ஒன்னு, பின்னுல இருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் ஒன்னும் 5.1 வோல்ட் செனர் டயோட் ஒன்னும், இல்லாட்டி அந்த நூறு வோல்ட் உங்க ஆடுயினோவ பரலோகம் அனுப்பிரும். சென்சருக்கு பெட்டரி வேணாம், வாசிக்கிற போட்டுக்கு வேணும், அத மறைச்சி "பெட்டரியே இல்ல"ன்னு கண்காட்சில பொய் சொல்லாதீங்க.

வேற எந்த செடி?

பிரவுன் பேப்பருக்கு பதிலா பழைய நூல் சேலைத் துண்டு போட்டா நல்லா வேலை செய்யும், ஆனா ஈரத்த இன்னும் வேகமா குடிக்கும். காஞ்ச வாழைப்பட்டைய அயன் பண்ணி ஒட்டினோம், வழவழன்னு நல்லா வந்திச்சி. தேத்தண்ணி வடிச்ச சக்கைய காயவச்சி அரைச்சி கஞ்சில கொழைச்சி பேப்பர்ல பூசி பாத்தோம், வெறும் பேப்பர விட பெரிய வித்தியாசம் தெரியல, பூசின எடம் சொரசொரன்னு இருந்ததால பலூன்தான் சீக்கிரம் தேஞ்சிச்சி. கவ்வாத்து மிலாற (தேயிலைல வெட்டிப்போட்ட கெளைய) சீவி மரச் சீவலாவும் போட்டோம், ரொம்ப மங்கல். மரம் வெறுமனே குடுக்கவும் மாட்டேங்குது வாங்கவும் மாட்டேங்குது, நடுவுல உக்காந்திருக்கு. சுவிட்சர்லாந்துல சூரிச் ஈ.டி.எச் பல்கலைக்கழகத்து ஆளுங்க 2021ல இதுக்குத்தான் வழி பண்ணினாங்க, ஒரு மரத்துண்டுக்கு சிலிக்கோன் பூசி, மத்ததுக்குள்ள நனோ படிகம் வளத்து, வெறும் மரத்த விட 80 மடங்கு வர வச்சாங்க. எங்க மிலாறுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல.

எந்த சாமான் பிளஸ், எது மைனஸ்னு நீங்களே பாக்கலாம். ஒரு பலூன தலைமுடில தேய்ச்சி நூல்ல தொங்க விடுங்க, அது மைனஸ். சோதிக்கிற சாமான வேற எதோடயாவது தேய்ச்சி கிட்ட கொண்டு போங்க. தள்ளிப்போனா அதுவும் மைனஸ். இழுத்தா முடிவு பண்ணிராதீங்க, ஏத்தமே இல்லாத சாமானும் இழுக்கும். தள்ளுறதுதான் சாட்சி.

ரோசின் வச்சி செய்யிறது ஒரு தனி வெளையாட்டு. 1775ல இத்தாலி விஞ்ஞானி வோல்டாவுக்கு பேர் வாங்கிக் குடுத்த எலக்ட்ரோபோரஸ்ங்கிற நிலைமின் சாமான் பிசின் தட்டுலதான் செஞ்சது. ஒரு தகர மூடில ரோசின போட்டு, சுடுதண்ணிப் பாத்திரத்துக்கு மேல வச்சி மெதுவா எளக்கி, ஆறவிட்டா கண்ணாடி மாதிரி எறுகும். நேரா நெருப்புல வைக்காதீங்க, பொகை வந்து பத்திக்கும். அத கம்பளித் துணில நல்லா தேய்ச்சி, பிளாஸ்டிக் புடி ஒட்டின ஒரு அலுமினிய மூடிய மேல வச்சி, மூடிய ஒருக்கா வெரலால தொட்டுட்டு, புடிய புடிச்சி தூக்கி, வெரல கிட்ட கொண்டு போனா டிக்குனு பொறி. திரும்ப தேய்க்காம பல தடவ எடுக்கலாம். பிசினுக்காக காட்டு பைனஸ் மரத்துல கத்தி வைக்க வேணாம், அது அரசாங்க மரம், கடைல சின்ன டப்பா கெடைக்கும்.

கடைசியா உசுருள்ள இலை. 2018ல இத்தாலியில பாபரா மத்சொலாய் குழு காட்டினது இது. இலையோட மேல்தோல்ல மெழுகுப் படை இருக்கு, அது மின்ன புடிச்சி வைக்கும், உள்ள இருக்கிற ஈரமான சதை வயர் மாதிரி அத தண்டுக்கு கொண்டு வரும். பேப்பருக்கு எதிரியா இருந்த ஈரம் இங்க கூலி இல்லாத வயர். அவங்க அலரி இலைய சிலிக்கோன் தொட வச்சி, ஒரு இலைல 150 வோல்ட்டுக்கு மேல எடுத்து, 100 எல்.ஈ.டி எரிய வச்சாங்க.

நம்ம கைக்கு: தடிச்ச, மினுமினுக்கிற முத்தின இலை உள்ள ஒரு சாடிச் செடி, ரப்பர் செடி நல்லது. தேயிலைல வங்கி இலையும் (வளராம நின்ன முத்தின இலை) சரிவரும், கொழுந்து வேணாம், மெழுகு பத்தாது. சாடிய பிளாஸ்டிக் ஸ்டூல்ல வைங்க. தண்டுல ஒரு ஊசிய குத்தி வயர் எடுங்க, அந்த வயர தலைகீழ் எல்.ஈ.டி ஜோடில குடுத்து, மத்த பக்கத்த வெளிய தரைல ஊனின ஒரு கம்பில கட்டுங்க, சாடி மண்ணுல இல்ல. வீட்டு பிளக்கோட எர்த்துல கை வைக்க வேணாம். இலை மேல தண்ணி இருந்தா தொடச்சிட்டு, சிலிக்கோன் தாள் ஒன்னால, கேக் தட்டுல விரிக்கிறது, டப்பு டப்புனு தட்டுங்க, இருட்டுலதான் தெரியும். ஒரு இலைல தெரியலைன்னா நாலஞ்சி இலைய ஒன்னா சேத்து தட்டுங்க. அலரில செஞ்சி பாக்கணும்னா செய்யலாம், ஆனா அதோட பாலும் இலையும் பூவும் எல்லாமே விசம், சின்னப் பிள்ளைங்கள கிட்ட விடாதீங்க, முடிஞ்சதும் கையையும் ஊசியையும் சவுக்காரம் போட்டு கழுவிட்டு மத்த வேலைய பாருங்க.